எதிர்நெல்

மாமனாராக வரக்கூடிய ஒருவர் "ரெண்டு சொல் கதையுங்கோ தம்பி" என்று கேட்டால், ரெண்டே ரெண்டு சொல்தான் கதைக்கவேண்டும். "வணக்கம்" ஒன்று, "நன்றி" மற்றது. உலகத்தில் எல்லா ஆண்களுக்கும் இது பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது போல. எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லித் தரவில்லை. நான் வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவில் முழுப் பிரபஞ்சத்தையும் இழுத்து விட்டவன். (நன்றி சொல்லக் கடைசிவரை சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.)

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, சிறுபோக நெல் விதைப்புக்குச் சனம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். சண்டை கொஞ்சம் தள்ளிப்போக, கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தவர்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கொட்டில் போட்டுக் குடியேறியிருந்தார்கள். நான் அங்கே கூரை எரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியன். சம்பளம் இல்லாத வாத்தியாருக்கு எங்கள் பக்கத்தில் கொடுத்த மரியாதையான பெயர் அது. பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தும் போக வழியில்லாமல் நின்றவன் என்பதால், என்னைப் பற்றி எனக்கு இருந்த மதிப்பு இரணைமடு நிரம்பி வான்பாய்கிற மட்டத்தில் இருந்தது. ஊரில் வேறு யாருக்கும் அந்த மதிப்பு இருந்ததாக நினைவில்லை.

அதே பள்ளிக்கூடத்தில் சுகந்தி ரீச்சர் விவசாயம் படிப்பித்தா. நானும் அவவும் கதைத்துக்கொண்ட கதையெல்லாம் எழுதினால் அரைப் பக்கம் வராது. ஆனால் இடைவேளையில் அவ தேத்தண்ணி ஊற்றும்போது என்னுடைய கோப்பையைத்தான் முதலில் எடுப்பா. ஒருநாள் அந்தக் கோப்பையைத் தந்துகொண்டே, நிலத்தைப் பார்த்தபடி சொன்னா:

"அப்பா உங்களை ஒருக்காப் பாக்கோணுமாம்."

எனக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"வீட்ட வரச்சொன்னா ஊர் கதைக்கும். பிறகு சரிவராட்டி எல்லாருக்கும் வெக்கக்கேடு. சிறுபோகக் கூட்டத்துக்கு வாங்கோ. சனத்தோட சனமா நிண்டா ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா உங்களை ரெண்டு சொல் பேசச் சொல்லுவார்."

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கிறது மட்டுமில்லை, மாப்பிள்ளை பார்க்கிறதும் உண்டு. கோயிலிலோ கூட்டத்திலோ ஆளை நடக்கவிட்டு, பேசவிட்டு, பெண்ணின் தகப்பன் தூரத்தில் இருந்து கணக்குப் பார்ப்பார். பிடித்திருந்தால் பேச்சு நடக்கும். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்காதமாதிரி எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

"என்ன பேசிறது?" என்று கேட்டேன்.

"விதைநெல்லைப் பற்றிக் கதையுங்கோ. ஈரத்துணியில நெல்லைக் கட்டிவைச்சு, எத்தினை முளைக்குது எண்டு பாக்கிற முறை இருக்கெல்லே, அதைச் சொல்லுங்கோ. அப்பாவுக்கு விதைநெல் எண்டா உயிர். சுருக்கமாச் சொல்லுங்கோ, என்ன?"

"ஓம்" என்றேன். அந்த ஒரு "ஓம்"மை மட்டும் காப்பாற்றியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டிய தேவை வந்திருக்காது.

சுகந்தியின் அப்பா தம்பிராசர் அந்த வாய்க்காலில் வயல் செய்கிற கமக்காரர்களின் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அலைந்த காலமெல்லாம் அந்த மனுசன் வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு விதைநெல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்தவர். மரவள்ளிக்கிழங்கு தின்று நாளைக் கடத்தினார்களே தவிர அந்த மூட்டையில் கைவைக்கவில்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துப் பெருக்கி, இந்தப் போகத்துக்கு வாய்க்கால் முழுக்கக் கொடுக்கிற அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தார். வெளியிலிருந்து விதைநெல் வருவதற்கு ஓமந்தைக்கு அங்காலை, இராணுவப் பக்கத்தில், யாராவது மனம் வைக்கவேண்டும், அவர்கள் வைக்கமாட்டார்கள். ஆகவே தம்பிராசரின் நெல்தான் எல்லாருடைய நெல்லும்.

இனி என் கேடுகாலத்துக்கு வருகிறேன்.

நானும் யோகனும் ஒரு கொட்டிலில் இருந்தோம். யோகன் கணக்கு வாத்தியார், என் கூட்டாளி. எங்களிடம் ஒரு ரேடியோ இருந்தது, பற்றறி இல்லை. பற்றறிக்கு அரசாங்கத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர் கேட்பது வழக்கம். சுற்றுகிற கை களைத்தால் அறிவிப்பாளரும் களைத்துப்போவார். உலகச் செய்தியெல்லாம் எங்களுக்குத் தோள்மூட்டு நோவோடுதான் வந்துசேர்ந்தது.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம், சிற்றலையில் ஒரு ஆங்கில விஞ்ஞான நிகழ்ச்சி அகப்பட்டது. யோகன் சுற்றினான், நான் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். அடடா, அது என்ன கதை! பால்வீதிகள் சுற்றுகிற வேகத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களின் எடை காணாதாம். தெரியாத ஏதோ ஒன்று அவற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறதாம். அதற்குப் பெயர் கரும்பொருள். அதை நேரே பார்க்க ஏலாது. ஆனால் கரும்பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று முட்டி அழிந்தால், அதிலிருந்து இலத்திரனும், அதன் எதிர்த்துகளான பொசித்திரனும் பிறக்கக்கூடுமாம். பொசித்திரன் சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. ஆகவே வானத்திலிருந்து கொட்டிக்கொண்டிருக்கிற அண்டக் கதிர்களுக்குள் பொசித்திரன்களை எண்ணிப் பார்க்கவேண்டும். எதிர்பார்த்ததைவிடக் கூட வந்தால், கரும்பொருளின் தடயம் பிடிபட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்காகவே ஒரு பெரிய காந்தத்தை விண்ணோடத்தில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். காந்தத்துக்குள் இலத்திரன் ஒரு பக்கம் வளையும், பொசித்திரன் மற்றப் பக்கம் வளையும்.

"இந்தக் கதிர்கள் எங்களுடைய உடம்புக்கூடாகவும் போகின்றன. அப்படியென்றால்..." என்று அறிவிப்பாளர் தொடங்க, சைக்கிள் சங்கிலி கழன்றது.

யோகன் தூஷணத்தில் நாலு சொல் சொல்லிச் சங்கிலியைப் பூட்டி முடிக்க, ரேடியோவில் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "அப்படியென்றால்" என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை என்பதுதான் கோதாரி. எல்லாம் விளங்கிவிட்டது என்ற நினைப்பில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மச்சான், நாளைக்கு இதைத்தான் கதைக்கப்போறன்" என்றேன்.

யோகன் எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்தான். "உனக்கு விசரே? விதைநெல்லைப் பற்றியெல்லே அவ கதைக்கச் சொன்னவ?"

"விதைநெல்லைப் பற்றித் தம்பிராசருக்குத் தெரியாத எதை நான் சொல்லப்போறன்? ஈரத்துணியாம்! அதைச் சொன்னா இவனும் சாதாரண ஆள்தான் எண்டு நினைப்பார்."

"நீ சாதாரண ஆள்தானேடா."

மேதைகளை அவர்களோடு ஒரே பாயில் படுக்கிறவர்களுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். (சத்தியமாக நினைத்தேன். இப்போது அந்த இருபத்துச் சொச்ச வயதுக்காரன் எதிரில் வந்தால் பிடரியில் ஒன்று போடுவேன்.)

கூட்டம் வாய்க்கால் கரையில், ஒரு பெரிய மருதமரத்துக்குக் கீழே. குளத்து மதகான துருசை எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை ஏக்கர், தண்ணி முறை எப்படி என்றெல்லாம் பேசி முடித்தார்கள். ஓரமாக விதைநெல் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. கூட்டம் முடிய, நல்லநேரத்துக்கு மூட்டை வாய்திறந்து எல்லாருக்கும் அளந்து கொடுப்பதாக ஏற்பாடு. சனம் வெறுஞ்சாக்குகளோடு வந்திருந்தது. சுகந்தி பெண்கள் பக்கத்தில், தாய்க்குப் பின்னால் நின்றா. நீலச்சேலை. நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை என்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

தம்பிராசர் எழும்பினார். "எங்கட பள்ளிக்கூடத்து மாஸ்ரர் வந்திருக்கிறார். பயிர்ச்செய்கைக்குப் பிரயோசனமா ரெண்டு சொல் கதைப்பார்."

எழும்பினேன். வணக்கம் சொன்னேன். அதோடு இருந்திருக்கலாம்.

பால்வீதியிலிருந்து தொடங்கினேன். முன்வரிசைக் கிழவர் ஒருவர் கொட்டாவி விட்டார். கரும்பொருளுக்கு வந்தேன். ஒரு குழந்தை அழுதது. சுகந்தி தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றா. சனத்துக்கு விளங்கவில்லை என்று எனக்கு விளங்கியது. நல்ல வாத்தியார் என்ன செய்வார்? கைக்கெட்டிய பொருளை வைத்து விளக்குவார். என் கைக்கெட்டிய பொருள் தம்பிராசரின் விதைநெல்.

மூட்டை ஒன்றின் வாயை அவிழ்த்தேன். நல்லநேரத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தம்பிராசரின் முகத்தில் ஏதோ ஓடியதைக் கண்டேன். பெருமை என்று நினைத்துவிட்டேன்.

வலக்கையில் ஒருபிடி, இடக்கையில் ஒருபிடி.

"இது நெல்" என்றேன், வலக்கையை உயர்த்தி. "இது எதிர்நெல்" என்றேன், இடக்கையை உயர்த்தி. "இப்ப இது ரெண்டும் ஒண்டோட ஒண்டு பட்டால்..." படாரென்று கையைத் தட்டினேன். நெல் நாலாபக்கமும் சிதறியது. "நெல்லும் இல்லை! எதிர்நெல்லும் இல்லை! ரெண்டும் அழிஞ்சு போம்!"

கொட்டாவி விட்ட கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முழுக்கூட்டமும் என்னைப் பார்த்தது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி.

வாய்க்கால் கடைசியில் குத்தகைக்கு வயல் செய்கிற மாரிமுத்து அண்ணன் கையை உயர்த்தினார். மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து, இங்கே வேரூன்றப் பாடுபட்டுக்கொண்டிருந்த மனுசன்.

"தம்பி, ஒரு சந்தேகங்க. அந்த ரெண்டையும் எந்த மூட்டையில எடுத்தீங்க?"

"ரெண்டும் ஒரே மூட்டைதான் அண்ணை" என்றேன், சந்தோசமாக.

கூட்டத்துக்குள் ஒரு முணுமுணுப்பு.

"அப்ப அந்த மூட்டையில ரெண்டும் கலந்து கெடக்குதுங்களா?"

"சீச்சீ, இது உதாரணத்துக்கு..."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டா: "பாத்தா வித்தியாசம் தெரியுமோ தம்பி?"

நான் உதாரணத்தை விட்டேன், விஞ்ஞானத்தைப் பிடித்தேன். "பாத்தா ஒண்டும் தெரியாதம்மா. எடை, பருமன் எல்லாம் அச்சொட்டா ஒரே மாதிரி. அதுதான் அதின்ர விசேசம்!"

"அப்ப என்னெண்டு பிரிச்செடுக்கிறது?"

"பெரிய காந்தம் வேணும்."

"அது எங்க இருக்கு?"

"வானத்தில. விண்ணோடத்தில கொண்டுபோனவை."

"இந்தச் சாமான் எங்கயிருந்து வருது?"

"வானத்திலயிருந்துதான். இப்ப நாங்கள் கதைக்கேக்கையும் விழுந்துகொண்டுதான் இருக்கு."

எல்லாரும் மேலே பார்த்தார்கள். வேறு ஊரில் வானத்திலிருந்து விழுகிறது என்றால் மழையை நினைப்பார்கள். எங்கள் சனம் கிபிர் விமானத்தைத்தான் நினைக்கும். கிபிர் வந்து குண்டு போட்டுப் போட்டு, மேலே பார்த்தபடியே ஓடிப் பழகிய சனம். அந்த அம்மா மடியில் கிடந்த பிள்ளையைச் சேலையால் மூடினதை நான் என் கண்ணால் கண்டேன். கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

"பங்கருக்குள்ள இருந்தா?" என்று கேட்டா.

"பங்கர் ஒண்டும் செய்யாதம்மா. கூரை, மண், மனுச உடம்பு எல்லாத்தையும் துளைச்சுக்கொண்டு போம்!"

இதைச் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு யோகன் சொன்னான்.

நல்லநேரம் வந்தது. தம்பிராசர் நெல் அளக்கிற மரக்காலோடு மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒருவரும் கிட்டப் போகவில்லை. "நாளைக்கு வாறம் ஐயா." "மாட்டைப் பாக்கோணும் ஐயா." "வீட்டில கேட்டுப்போட்டு வாறன் ஐயா." எல்லாரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். வெறுஞ்சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். தம்பிராசர் மரக்காலைப் பிடித்தபடி நின்றார். என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் குனிந்து, நான் கை தட்டிச் சிதறடித்த நெல்லைப் பொறுக்கத் தொடங்கினார். சுகந்தியும் வந்து பொறுக்கினா. நானும் குனிந்தேன்.

"நீங்கள் விடுங்கோ" என்றா அவ, தலையை நிமிர்த்தாமல்.

அடுத்தநாள் விடியக் கதை வாய்க்கால் முழுக்கப் பரவிவிட்டது. மத்தியானம் அது வளர்ந்து, கிபிர் வந்து எதிர்நெல்லைப் போட்டுவிட்டுப் போனதாகவும், அது தம்பிராசரின் நெல்லுக்குள் கலந்துவிட்டதாகவும், பள்ளிக்கூடத்து மாஸ்ரரே அதைக் கண்டுபிடித்ததாகவும் ஆகியிருந்தது. என்னை வாழ்த்தக்கூட ஒருவர் வந்தார். ஐயோ கடவுளே, அந்த மனுசனின் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வாயால் கெடுத்ததை வாயாலேயே சரிக்கட்டலாம் என்று நம்பினேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லையம்மா. எதிர்ப்பொருள் ஒரு கணம்கூட நிக்காது. எதிலயாவது பட்ட உடன மறைஞ்சுபோம்."

"ஓ, அப்ப விதைச்ச உடன நெல்லு மறைஞ்சுபோம் எண்டுறியள்."

"இல்லையம்மா, உங்கட நெல்லில அது இல்லை!"

"பாத்தாத் தெரியாது எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்?"

அவர்களில் பிழையில்லை. இல்லாத நோய் வருத்தங்கள், இல்லாத நஞ்சுகள் என்று எத்தனையோ வதந்திகளுக்குள் வாழ்ந்த சனம். அதில் சில மெய்யாகவும் போயிருந்தன. படித்த ஒருவன் நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு அழிஞ்சுபோம் என்று சொன்னால், நம்பாமல் விட அவர்களுக்கு வசதி இருக்கவில்லை. ஒரு போகம் பிழைத்தால் பட்டினி. நான் போன வீடெல்லாம் பயம் கூடினதுதான் மிச்சம். கடைசியில் யோகன் என் சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டான். "இனி நீ வாயைத் திறந்தா நான் உன்னை வாய்க்காலுக்குள்ள தள்ளுவன்" என்றான். நல்ல சிநேகிதன்.

துருசு திறந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. உழுத வயல்களுக்குள் தண்ணீர் நின்றது. விதைநெல் மட்டும் தம்பிராசர் வீட்டு மால் கொட்டிலில் கிடந்தது.

ஒருநாள் காலமை, தம்பிராசர் என்னை மருதமரத்தடிக்கு வரச்சொன்னதாக ஆள் வந்தது. மன்னிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று, இருந்த ஒரே நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே வாய்க்கால் சனம் முழுக்க நின்றது. நடுவில் உரலும் உலக்கையும். சுகந்தியின் அம்மா நெல்லுக் குத்திக்கொண்டிருந்தா. குத்திக்கொண்டே அழுதா. பக்கத்தில் மூன்று கல்லு வைத்து அடுப்பு மூட்டி, பானையில் உலை கொதித்தது.

அது என்ன நெல் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகுதான் உரலுக்குப் பக்கத்தில் வாயவிழ்ந்து கிடந்த விதைநெல் மூட்டையைக் கண்டேன்.

விதைநெல்லைக் குத்தித் தின்கிறது என்பது எங்கள் பக்கத்தில் ஒரு கமக்காரனுக்கு நடக்கக்கூடிய ஆகக் கேவலமான காரியம். குடி கெட்டுப்போன வீட்டைப் பற்றிச் சொல்லும்போதுதான் "விதைநெல்லையும் தின்னிட்டினம்" என்று சொல்வார்கள். சைக்கிளில் கட்டி, மழையில் தன் உடம்பால் மூடி, மரவள்ளிக்கிழங்கு தின்று காப்பாற்றின நெல்லை அந்த மனுசன் ஊரைக் கூட்டிவைத்துச் சமைத்தார்.

சோறு இறங்கியது. தம்பிராசர் ஒரு தாமரை இலையை விரித்தார். "தம்பி, இஞ்சால வாங்கோ. இதில இருங்கோ."

இருந்தேன்.

"முதல் பிடி நீங்கள் சாப்பிடுங்கோ. நீங்கள் சாப்பிட்டாத்தான் சனம் நம்பும்."

கறி இல்லை, உப்பு இல்லை. சுடுசோறு. எல்லாக் கண்ணும் என் வாயில். நான் எத்தனையோ பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன், அத்தனை பேருக்கு முன்னால் ஒருநாளும் விழுங்கியதில்லை. தண்ணி குடித்தேன். விழுங்கினேன். எதிரே சுகந்தி நின்றா. அவவின் முகத்தை இன்றைக்கும் என்னால் எழுத ஏலாது.

மாரிமுத்து அண்ணன் குந்தியிருந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"தம்பி... வயித்துக்குள்ள ஒண்ணும் அழியலீங்களே?"

யாரோ ஒரு பெட்டைப்பிள்ளை களுக்கென்று சிரித்தது. கிழவர் சிரித்தார். பிறகு முழுச்சனமும் சிரித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சிரிக்கிறவர்கள்போல. "மாஸ்ரர் மறையேல்லையடா!" என்று ஒருவன் கத்தினான். தம்பிராசரும் ஒருபிடி அள்ளிச் சாப்பிட்டார். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே எல்லாரும் சாக்கோடு வந்து நெல் அளந்துகொண்டு போனார்கள்.

சனம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார்.

"உங்களில கோவம் இல்லைத் தம்பி. நீங்கள் கெட்ட பிள்ளை இல்லை."

"ஐயா, நான்..."

"ஆனா என்ர பிள்ளையைத் தரமாட்டன். கையில வைச்சிருந்தது என்ன எண்டு உங்களுக்குத் தெரியேல்லை. எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான். கைகால் கழுவ வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். நான் அங்கேயே நின்றேன், ஒரு சொல்லும் வரவில்லை. தேவைப்படாத நேரமெல்லாம் வந்த வாய்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சுகந்தி தேத்தண்ணி ஊற்றினா. என் கோப்பையைக் கடைசியில் எடுத்தா. தரும்போது சொன்னா: "நான் ஈரத்துணியைப் பற்றித்தானே கதைக்கச் சொன்னனான்." குரலில் கோபம் இருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். களைப்புத்தான் இருந்தது. அதுதான் அவ என்னோடு தனியாகக் கதைத்த கடைசிக் கதை. அடுத்த வருசம் சமாதானம் என்று பாதை திறந்தது. அவவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பார்த்துச் செய்துவைத்தார்கள்.

மாரிமுத்து அண்ணனின் வயல் வாய்க்கால் கடைசி. பிந்தி விதைத்ததால், கதிர் பால்பிடிக்கிற நேரம் அவர் பக்கத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை. முக்கால்வாசி பதர். நெல் அறுக்கிற அருவி வெட்டுக்கு நானும் போய்க் கத்தி பிடித்தேன். அதனால் பதர் நெல்லாகவில்லை. அவர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. அந்தப் போகத்தோடு குத்தகையை விட்டுவிட்டு, பாதை திறந்ததும் வவுனியாப் பக்கம் கூலிக்குப் போனார். இதை யாரும் பகிடியாகச் சொல்வதில்லை. எனக்கு மட்டும்தான் கதையின் இந்தத் துண்டு மறக்கவில்லை.

பிறகு பல்கலைக்கழகம் போனேன். பௌதிகம் படித்தேன். "அப்படியென்றால்" என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அப்படியென்றால் ஒன்றுமில்லை. அண்டக் கதிர்களில் பெரும்பங்கை வளிமண்டலமே முறித்துவிடுகிறது. மிச்சம் எங்கள் முப்பாட்டன் காலத்திலும் அவர்கள் மேல் விழுந்துகொண்டுதான் இருந்தது, அவர்கள் பாட்டுக்கு நெல் விதைத்தார்கள். சங்கிலி இன்னும் கொஞ்ச நேரம் நின்று கழன்றிருக்கக்கூடாதா? (யோகனிடம் இதைச் சொன்னால், "சங்கிலியில பிழை சொல்லாத, வாய்தான் கழண்டது" என்பான்.) கரும்பொருளை இன்னும் பிடித்தபாடில்லை. இப்போது இன்னும் பெரிய காந்தத்தை மேலே வைத்துத் தேடுகிறார்கள். பொசித்திரன்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடத்தான் வருகின்றன. அது கரும்பொருளின் வேலையா, செத்துப்போன நட்சத்திரங்களின் வேலையா என்று இன்னும் அடிபடுகிறார்கள். நான் கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கிறேன். உதாரணம் மட்டும் சொல்வதில்லை.

எனக்கென்று குடும்பம் அமையவில்லை. கலியாணப் பேச்சுக்கால் வந்ததுதான். மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றாலே எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். பேசாமல் இருந்து இருந்து, ஊமை என்று ஒரு பகுதியினர் எழும்பிப் போனார்கள்.

போன ஆவணியில் யோகனின் மகளுக்குக் கலியாணம். பந்தியில் இருக்கிறேன், உயரமாக ஒரு பெடியன் வந்து முன்னால் நின்றான். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைத்தான்.

"மாமா, நீங்கள்தானே... எதிர்நெல்லு மாமா?"

கையில் எடுத்த சோறு இலையிலேயே விழுந்தது. பார்த்தால் அவனுக்குப் பின்னால் சுகந்தி, அவவின் கணவர், ஒரு மகள். அந்தப் பெடியனுக்கு என்னைக் கண்டதில் அப்படி ஒரு சந்தோசம். அவர்களுடைய வீட்டில் அது பிரசித்தமான கதையாம். யாராவது சாப்பாட்டு மேசையில் நீட்டி முழக்கிக் கதைத்தால் "எதிர்நெல்லு" என்று ஒரு சொல் சொன்னால் போதுமாம், ஆள் வாயை மூடிவிடுமாம். அம்மப்பா தம்பிராசரின் செத்தவீட்டில்கூட அந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லாரும் சிரித்தார்களாம். பாருங்கள், எனக்கும் ஒரு குடும்பப் பகிடியில் இடம் கிடைத்துத்தான் இருக்கிறது. குடும்பம்தான் என்னுடையதில்லை.

"மாஸ்ரர், நீங்களே ஒருக்காச் சொல்லுங்கோ. இவ சொல்லேக்க பாதியில சிரிச்சுப்போடுவா" என்றார் சுகந்தியின் கணவர். தங்கமான மனுசன், கதிரையை இழுத்துப்போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

சொன்னேன். பால்வீதி சொன்னேன், சங்கிலி சொன்னேன், கையைக்கூடத் தட்டினேன். பிள்ளைகள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். மாரிமுத்து அண்ணன் கேட்ட கேள்விக்குப் பக்கத்துப் பந்தியும் சேர்ந்து சிரித்தது. சுகந்தி தலைப்பால் கண்ணைத் துடைத்தா. சிரிப்பில்தான் என்று நினைக்கிறேன்.

"சோறு சாப்பிட்டீங்கள். பிறகு என்ன நடந்தது மாமா?" என்று கேட்டான் பெடியன்.

சுகந்தி என்னைப் பார்த்தா.

"பிறகென்ன தம்பி" என்றேன், "எல்லாரும் விதைச்சவை."